அடக்கம் என்றால் அடக்கம்தான்!

ஃப்ளாட் வாங்கப் போனால் எத்தனை கேள்வி கேட்கிறீர்கள்! தரைத்தளமா, மூணாவது மாடியா? வாசல் கிழக்குப் பார்த்ததா? மெட்ரோ தண்ணியா, லாரித் தண்ணியா? யூ.டி.எஸ். எவ்வளவு? மெயின்டனன்ஸ் எவ்வளவு? பில்டரையே அழவைத்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பீர்கள்.

நிரந்தரமாகக் குடிபோகப் போகிற வீட்டைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "அதைப் பத்தி இப்ப என்னத்துக்கு?" என்று பேச்சை மாற்றுவீர்கள். கேட்க வேண்டிய அந்த ஒரு நாளில் கேட்கிற நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அழுது வீங்கிய கண்ணோடு உங்கள் மகனோ மருமகனோ ஆபீஸ் ரூமில் நின்றுகொண்டு, எதிரே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

எதிரே இருப்பவர் இப்போது கேட்கிற கேள்வி இது: "மண்ணுக்குள்ளயா, வால்ட்டா?"

வால்ட் என்றால் வேறொன்றுமில்லை. தரைக்கு மேலே கான்கிரீட்டில் கட்டிய அறை. பாங்க் லாக்கர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். சவப்பெட்டியை உள்ளே தள்ளி, வாயைப் பூசி, மேலே கிரானைட் பலகை ஒட்டி, பேரும் போட்டோவும் பதித்துவிட்டால் வேலை முடிந்தது. வசதி இருந்தால் தனி மண்டபமே கட்டிக்கொள்ளலாம்.

நான் மண் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுநிலை என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

"எங்க வீட்டுல எரிக்கிற வழக்கம் சார், இது கிறிஸ்தவங்க, முஸ்லிம்கள் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆதிச்சநல்லூரில் தாழிக்குள் உட்காரவைத்து மண்ணுக்குள் இறக்கப்பட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். தமிழ்நாட்டில் இன்றைக்கும் புதைக்கிற சாதிகள் ஏராளம். பெரியவர்களை எரித்தாலும் குழந்தை இறந்தால் மண்ணில்தான் வைப்போம். அதைவிட முக்கியம், கல்லறை எழும்புகிற நிலம் பல இடங்களில் உங்களுடைய, என்னுடைய பொது நிலம். அதனால் எல்லோரும் உட்காருங்கள்.

மேலே வைக்கச் சொல்கிறவர்களுக்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, உடம்பு பத்திரமாக இருக்கும், புழு அரிக்காது, மழைத் தண்ணி இறங்காது. இரண்டு, பேர் நிலைக்கும். மூன்று, இடம் மிச்சம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

முதல் காரணம், பத்திரம்.

"அப்பாவை மண்ணுக்குள்ள போட மனசு வரலைங்க." இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். புரிகிறது. ஆனால் பெட்டிக்குள் பூட்டி கான்கிரீட்டில் அடைத்தால் அப்பா அப்படியே இருப்பார் என்று யார் சொன்னது?

உடம்பைக் கரைக்கிற வேலையை முதலில் ஆரம்பிப்பது வெளியிலிருந்து வருகிற புழு இல்லை. நம் குடலுக்குள்ளேயே குடியிருக்கிற பாக்டீரியாக்கள். கதவை அடைத்தால் அதுகளையும் சேர்த்துத்தான் உள்ளே அடைக்கிறீர்கள். காற்றோட்டமுள்ள மண்ணில் பூச்சி, பூஞ்சை, வேர், ஈரம் எல்லாம் சேர்ந்து காரியத்தை நாசூக்காக முடித்துவிடும். சில வருஷங்களில் எலும்பு மட்டும் சுத்தமாக மிஞ்சும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அதே வேலை மெதுவாக, அசிங்கமாக நடக்கும். வாயு சேரும், நீர் கசியும். அமெரிக்காவில் ரப்பர் பட்டை போட்டு இறுக்கி மூடிய விலை உயர்ந்த பெட்டிகள், உள்ளே சேர்ந்த வாயுவில் உப்பி வெடித்த கதைகள் உண்டு. ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தரைக்கு மேலான அறைக்குக் காற்றுப் போக வழியும், நீர் வடிய வழியும் வைத்தே கட்டுகிறார்கள். அது எதற்கு என்று ஆபீஸ் ரூமில் யாரும் விளக்க மாட்டார்கள். விளக்கினால் யார் வாங்குவார்கள்?

"கோவாவில் புனித சவேரியார் உடம்பு மேலேதானே இருக்கு?" என்பீர்கள். இருக்கிறது. 1552-ல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தவரை, எலும்பைச் சீக்கிரம் எடுத்துப் போகலாம் என்று சுண்ணாம்பு கொட்டித்தான் புதைத்தார்கள். தோண்டியபோது உடல் அழியாமல் இருந்ததாக விசுவாசம். அந்த விசுவாசத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அவரும் மண்ணுக்குள்தான் முதலில் போனார் என்பதைக் கவனியுங்கள். மேலே வந்த பிறகு என்ன ஆச்சு? வலது கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். காலில் முத்தம் கொடுக்கிற சாக்கில் ஒரு பெண் விரலைக் கடித்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி ஊர்வலம். கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். புனிதருக்கே இந்தக் கதி. மேலே இருந்தால் மனிதர்கள் சும்மா விடமாட்டார்கள்.

திருடர்களும் விடமாட்டார்கள். ஆப்ரகாம் லிங்கனை இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில், தரைக்கு மேலே சலவைக்கல் பெட்டிக்குள் வைத்தார்கள். 1876-ல் கள்ள நோட்டுக் கும்பல் ஒன்று உடலைத் தூக்கிப்போய்ப் பணம் பறிக்கத் திட்டம் போட்டு, மண்டபத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. பெட்டி வரைக்கும் கை வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் லிங்கனை எங்கே வைப்பது என்று வருஷக்கணக்கில் தடுமாற்றம். கடைசியில் 1901-ல் பத்தடி ஆழத்தில் இறக்கி மூடினார்கள். எல்விஸ் பிரெஸ்லியை 1977 ஆகஸ்ட்டில் மெம்பிஸ் நகரத்துக் கல்லறை மண்டபத்தில் வைத்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, உடலைத் திருட வந்ததாகச் சிலர் பிடிபட்டார்கள். அக்டோபரில் அவரைத் தன் வீட்டுத் தோட்டத்து மண்ணுக்கே கொண்டுபோனார்கள்.

மேலே வைத்தார்கள், ஆள் வந்தது, கீழே இறக்கினார்கள். பத்திரம் எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்லுங்கள்.

*

இரண்டாவது காரணம், பேர்.

இதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் மாஸ்கோவில் இருக்கிறது. 1924-ல் லெனின் இறந்தபோது அவர் மனைவி குரூப்ஸ்கயா, அவர் பேரில் சின்னங்கள், மாளிகைகள் எழுப்ப வேண்டாம், பள்ளிக்கூடமும் குழந்தைகள் காப்பகமும் கட்டுங்கள் என்று பத்திரிகையிலேயே எழுதினார். யார் கேட்டார்கள்? பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்த மனிதருக்கு மண் கிடைக்கவில்லை. பக்கத்தில் 1953-ல் ஸ்டாலினைக் கொண்டுவந்து வைத்தார்கள். எட்டு வருஷம். 1961 அக்டோபர் கடைசி நாள் ராத்திரி, ஊர் பார்க்காத நேரத்தில் தூக்கிக்கொண்டுபோய் கிரெம்ளின் மதிலோரம் புதைத்துவிட்டார்கள். மேலே இருக்கிறவரை எப்போது வேண்டுமானாலும் கீழே இறக்கலாம். கீழே இருக்கிறவரை எங்கே இறக்குவது?

பல்கேரியாவில் திமித்ரோவ் என்ற தலைவருக்கு 1949-ல் ஆறே நாளில் வெள்ளை மண்டபம் எழுப்பினார்கள். ஆட்சி மாறியது. 1990-ல் உடலை எடுத்து எரித்தார்கள். 1999-ல் மண்டபத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆறு நாளில் கட்டியதை இடிக்கத் திரும்பத் திரும்ப வெடி வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு ஸ்ட்ராங். பேர் நிலைத்ததோ இல்லையோ, கான்கிரீட் நிலைத்தது.

வியட்நாமில் ஹோ சி மின் என்ன கேட்டார் தெரியுமா? தன்னை எரித்துவிடச் சொன்னார். சாம்பலை வடக்கு, நடு, தெற்கு என்று நாட்டின் மூன்று பகுதிக் குன்றுகளில் வைக்கச் சொன்னார். இன்று ஹனோயில் கல் மண்டபத்துக்குள் படுத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்டவர்கள் அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்கவில்லை. நினைவிடம் கட்டுவது செத்தவரின் ஆசைக்காக இல்லை, மிச்சமிருக்கிறவர்களின் தேவைக்காக என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"தாஜ்மகால்?" என்று மடக்குவீர்கள். மடக்குங்கள். தாஜ்மகாலுக்குப் போனவர்கள் பளிங்கு ஜாலிக்குள் பார்த்துவிட்டு வருகிற இரண்டு கல்லறைகளும் டம்மி. அழகுக்கு வைத்தவை. மும்தாஜும் ஷாஜகானும் இருப்பது அதற்கு நேர் கீழே, கீழ்த்தள அறையில், அலங்காரம் குறைவான கல்லுக்கு அடியில். அவ்வளவு செலவான கல்லறையிலும் ஆள் கீழேதான்.

அந்த ஷாஜகானின் மகள் ஜஹானாரா டெல்லி நிஜாமுத்தீனில் வானம் பார்த்துப் படுத்திருக்கிறார். சுற்றிலும் பளிங்கு உண்டு. ஆனால் கல்லறையின் நடுவில் கல் இல்லை, மண்ணும் புல்லும்தான். மகன் ஔரங்கசீப்பைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், இருக்கிறது. ஆனால் இந்தத் துணைக்கண்டத்தின் பெரும்பகுதியை ஆண்டவர் 1707-ல் இறந்தபோது குல்தாபாத்தில் மேற்கூரை இல்லாத மண்மேடுதான் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அங்கே இருக்கிற பளிங்குத் தடுப்பு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது.

பழைய கதை வேண்டாமா? 2015 ஜனவரியில் சவூதி அரேபிய மன்னர் அப்துல்லா இறந்தார். உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். வெள்ளைத் துணியில் சுற்றி, ரியாத்தில் பொது மயானத்தில், பேர் எழுதாத குழியில் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் இறந்தார். போப்களுக்கென்று வாட்டிகனில் பசிலிக்காவுக்கு அடியில் இடம் இருக்கிறது. சைப்ரஸ், ஈயம், ஓக் என்று மூன்று பெட்டி வைக்கிற வழக்கமும் இருந்தது. மனிதர் தான் உயிரோடு இருக்கும்போதே அந்தச் சடங்கைத் திருத்தி, மூன்று பெட்டியை ஒன்றாக்கினார். 2022-லேயே உயில் எழுதி, வேறொரு கோவிலில், மண்ணில், அலங்காரம் இல்லாமல், பேரை மட்டும் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்தார்கள்.

மன்னருக்கும் போப்புக்கும் போதுமான இடம், நம் ஊர் ரிட்டயர்டு சூப்பரின்டெண்டன்ட்டுக்குப் போதவில்லை! ஒரு கல்லறையில் பட்டம், பதவி, ஓய்வு பெற்ற தேதி, வகித்த சங்கப் பொறுப்புகள் வரை பொறித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். போன் நம்பர் ஒன்றுதான் பாக்கி.

*

மூன்றாவது காரணம்தான் நிஜமான காரணம். இடம்.

இதில் விளையாட்டில்லை. சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடம் தீர்ந்துபோய் வெகுகாலம் ஆயிற்று. ஏற்கெனவே குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள் அதையே மறுபடி திறந்து அடுத்தவரை வைக்கிறார்கள். அந்தக் கொடுப்பினை இல்லாத வாடகை வீட்டுக்காரர் சடலத்தை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அதனால் "அடுக்கி வெச்சா என்ன தப்பு?" என்று கேட்கிறவரை நான் கேலி செய்ய மாட்டேன். கணக்குக் கேட்பேன்.

வாருங்கள், கணக்குப் போடுவோம். குழி, கரை, நடக்க வழி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 40 சதுர அடி என்று வையுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 60 பேருக்கு இடம். ஒவ்வொருவர் மேலும் கான்கிரீட் போட்டு, கிரானைட் போட்டு, "நிரந்தரம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கிரவுண்டு 60 பேரோடு மூடப்பட்டது. இனி உலகம் உள்ளவரை 61-வது ஆளுக்கு இடமில்லை.

அதே இடத்தில் நாலடுக்கு வால்ட் கட்டினால் 240 பேர். சபாஷ். ஆனால் அதையும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால் 241-வது ஆளுக்குக் கதவு சாத்தியாச்சு. வாங்கியது காலம் மட்டும்தான், இடம் இல்லை.

இப்போது மண். கான்கிரீட் கிடையாது, தலைமாட்டில் சின்னதாக ஒரு கல். 15 வருஷம் கழித்து எலும்பை எடுத்து மரியாதையாக அதே குழியின் அடியில் ஆழமாக வைத்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டால்? 60 வருஷத்தில் அதே 240 பேர். 75 வருஷத்தில் 300. நூறு வருஷம், இருநூறு வருஷம், வந்துகொண்டே இருக்கலாம். மண் நிரம்புவதே இல்லை. நிரப்புவது கான்கிரீட்.

இது என் கற்பனைத் திட்டம் இல்லை. சிங்கப்பூரில் 1998 முதல் எந்தக் கல்லறைக்கும் 15 வருஷம்தான் ஆயுள். அதற்கப்புறம் தோண்டி எடுத்து, எரிக்கிற மதத்தவரை எரிக்கிறார்கள். மதம் எரிக்கக் கூடாது என்றால் பலரது எலும்புகளைச் சேர்த்துச் சின்ன இடத்தில் மறுபடி அடக்கம் செய்கிறார்கள். அங்கே வாழ்கிற தமிழ் முஸ்லிம்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் இதற்குக் கட்டுப்பட்டுத்தான் போகிறார்கள். அங்கே பிடாடாரி என்ற பெரிய கல்லறைத் தோட்டம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜெர்மனியில் கல்லறை இருபது, முப்பது வருஷக் குத்தகை. ஏதென்ஸில் பொதுக் கல்லறைகளில் மூன்று வருஷம்தான், அப்புறம் எலும்பை எடுத்து வைத்துவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். யாருக்கும் அப்பா, அம்மா மேல் பாசம் குறைந்துவிடவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தரைக்கு மேலே வைப்பதையே ஒழுங்காகச் செய்கிற ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ். இரண்டடி தோண்டினால் தண்ணீர் வருகிற சதுப்பு பூமி. பிரெஞ்சுக்காரர்கள், ஸ்பானியர்கள் கொண்டுவந்த வழக்கமும் சேர்ந்து, அங்கே 1789-லிருந்து இருக்கிற பழைய செயின்ட் லூயிஸ் கல்லறைத் தோட்டமே செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கிற தெரு மாதிரிதான் இருக்கும். ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வருஷமும் ஒரு நாளும். அதுவரை அறையைத் திறக்கக் கூடாது. கோடை வெயில் அந்தச் செங்கல் அறையை அடுப்பாக்கி வேலையை முடித்துவிடும். அப்புறம் அதே குடும்பத்தில் சாவு விழுந்தால் திறந்து, மிஞ்சிய எலும்பைப் பின்பக்கமோ அடியிலுள்ள குழிக்கோ தள்ளிவிட்டு, அடுத்தவரை வைப்பார்கள். ஒரே அறையில் தாத்தா, பேரன், கொள்ளுப்பேரன். அந்த ஊர் மேலே வைத்தது, ஆனால் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

அதனால் என் சண்டை உயரத்தோடு இல்லை. "நிரந்தரம்" என்ற அந்த ஒரு சொல்லோடு. நிலத்தடித் தண்ணீர் மேலேயே இருக்கிற இடமா, கிணறுகள் பக்கத்திலா, அங்கே அடுக்கு அறை கட்டுங்கள், தப்பில்லை. ஆனால் கெடு வையுங்கள். கெடு வைக்க மனசு வராதவர்களுக்கு மண்தான் மரியாதை. அது தானாகவே கெடு வைத்துக்கொள்ளும்.

*

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அடிக்க வர மாட்டீர்களே?

1969-ல் அண்ணாவை மெரினா மணலில் வைத்தோம். 1987-ல் எம்.ஜி.ஆர். 2016-ல் ஜெயலலிதா. 2018-ல் கருணாநிதி, அதற்கு ராத்திரியோடு ராத்திரியாக ஹைகோர்ட் உட்கார்ந்து, காலையில் தீர்ப்புச் சொன்னது. நாலு பேருமே மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆறடி போதுமாக இருந்தது. மேலே? ஒன்றைப் பார்த்து இன்னொன்று. இந்த ஆட்சி கட்டினால் அந்த ஆட்சி கட்டும். ஃபீனிக்ஸ் பறவை, மியூசியம், ஒளி, ஒலி. 2021 ஜனவரியில் ஒரு திறப்பு விழா, 2024 பிப்ரவரியில் இன்னொரு திறப்பு விழா. எல்லாம் உங்கள் வரிப் பணத்தில், உங்கள் கடற்கரையில்.

எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து, அவர் கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிற ஏழை ஜனங்களை நான் ஒரு நாளும் கிண்டல் செய்ய மாட்டேன். அவர்கள் தேடுவது கிரானைட்டை இல்லை. கிரானைட்டுக்கு அடியில் இருக்கிறவரை. அது வெறும் மணலாக இருந்திருந்தாலும் காதை வைத்திருப்பார்கள்.

இதே தமிழ்நாட்டில், 2019 ஆகஸ்ட்டில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு தலித் சடலத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். மயானத்துக்குப் போகிற வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் பாதை விடவில்லை. பாலாற்றுப் பாலத்து மேல் நின்று, பாடையைக் கயிற்றில் தொங்கவிட்டு இறக்கிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹைகோர்ட் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஆறடி நிலம் இருந்தது. அங்கே போக வழி இல்லை.

2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடாமல் கூட்டம் கூடியது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லெறிந்து ஆம்புலன்ஸ் கண்ணாடியை உடைத்தார்கள். குழி வெட்டுகிறவரும் இல்லாமல், நடு ராத்திரியில் சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி மூடினார். எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றிய கை அவருடையது! இந்த நகரம் அவருக்கு 40 சதுர அடி கொடுக்க யோசித்தது.

நினைவிடத்துக்கு ஏக்கர் கணக்கில் இடமிருக்கிறது. மனிதனுக்கு அடி கணக்கில் இல்லை. இதுதான் நான் சொல்ல வருகிற விஷயம். மேலா கீழா என்பது ருசி பற்றிய கேள்வி இல்லை, டைல்ஸ் கலர் மாதிரி தேர்ந்தெடுக்க. நீங்கள் ஒரு இடத்தை நிரந்தரமாக மூடும்போது, பின்னால் வருகிற யாரோ ஒருவரை வெளியே நிறுத்துகிறீர்கள். அவர் யார் என்று தெரியாததால் நமக்கு வலிக்கவில்லை. அவ்வளவுதான்.

*

"எங்கம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்த எனக்கு ஒரு இடம் வேணாமா?"

வேணும். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள். பூ, ஊதுபத்தி, மெழுகுவத்தி, புல்லைக் கையால் பிடுங்கிச் சுத்தம் செய்கிற வயசான அம்மாக்கள். அந்த இடத்தை யாரிடமிருந்தும் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு கல்லில் பேரும் இரண்டு தேதியும் போதும். அந்தக் கல்லை எடுக்க நேர்ந்தால், பேரை மதில் சுவரில் பொறிக்கலாம். ஒரே சுவரில் ஆயிரம் பேர் கொள்ளும். மெழுகுவத்தி ஏற்ற ஒரு சாண் இடம் போதும். பதினைந்து வருஷம் தொடர்ந்து வந்து ஏற்றுகிற மகனுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஊரில் பாதிக் கல்லறைகளுக்கு மூன்றாவது வருஷத்துக்கு மேல் ஆளே வருவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். கிரானைட் பளபளக்கிறது, பூதான் காய்ந்து கிடக்கிறது.

ஆகவே, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கல்லறைத் தோட்டங்களை நிர்வகிக்கிற பெரியவர்களே, "நிரந்தரம்" என்று இனி யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு பணம் கொடுத்தாலும். பணக்காரனுக்கு மண்டபம், ஏழைக்கு "இடமில்லை" என்று நீங்கள் நம்புகிற கடவுள் சொல்லவில்லை. ஜமாத் பெரியவர்களே, கபர் மேல் கட்டடம் கூடாது என்பது உங்கள் மார்க்கத்திலேயே இருக்கிற நல்ல விஷயம். வெளிநாட்டுப் பணம் வந்த பிறகு சில ஊர்களில் பளிங்கு எட்டிப் பார்க்கிறது, கொஞ்சம் கவனியுங்கள். ஆளுகிறவர்களே, ஆளப்போகிறவர்களே, அடுத்த நினைவிடத்துக்கு டெண்டர் விடும் முன்னால் மயானத்துக்குப் பாதை இல்லாத ஊர்களுக்குப் பாதை போடுங்கள். உங்கள் தலைவர்கள் நிச்சயம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் பேச்சை எடுங்கள். "என்னை மண்ணுல வைங்க. மேல சிமென்ட் போடாதீங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு யாருக்காவது இடம் வேணும்னா, ஓரமா நகர்த்திட்டுக் கொடுத்துடுங்க." இவ்வளவுதான். மனைவி "வாயை அலம்புங்க" என்பார். மகன் செல்போனிலிருந்து தலை நிமிர்வான். பரவாயில்லை. காதில் விழுந்துவிட்டதல்லவா, அந்த நாளில் ஆபீஸ் ரூமில் தலையாட்டாமல் பதில் சொல்ல அது போதும்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு நகர்ந்து இடம் கொடுக்கிற ஊர் இது. செத்த பிறகு மட்டும் ஏன் முழு சீட்டுக்கும் துண்டு போட வேண்டும்?

தமிழில் இந்தக் காரியத்துக்கு அழகான பேர் வைத்திருக்கிறார்கள். அடக்கம். உயிரோடு இருக்கும்போதுதான் முடியவில்லை, அப்போதாவது இருப்போமே!